ஈடு கொடுத்த காவல்



'காவல்' என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் ஆள்கிறோம். கதிர் முற்றிய வயலுக்குக் காவல், ஊர் எல்லையில் காவல் தெய்வம், கல்யாண வீட்டில் நகைப் பெட்டிக்குக் காவல் என்று சொல்லும்போது காக்கப்படுவது நமக்கு வேண்டிய பொருள். 'காவலில் எடுத்து விசாரித்தார்கள்', 'நீதிமன்றக் காவல்', 'காவல் மரணம்' என்று செய்தித்தாள் எழுதும்போதோ, காவலில் இருப்பவன் ஐயத்துக்குரியவன். அவனிடமிருந்து மற்றவர்களைக் காப்பதாகப் பேச்சு. இரண்டு பொருளும் பழையவைதான். ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இந்தத் தொழிலின் மற்றச் சொற்களையும் பாருங்கள். தலையாரி, துப்பு, காவல்கூலி ஆகியவை ஊரில் முளைத்தவை. தாணா, பாரா, லத்தி ஆகியவை இந்துஸ்தானி வழியாக வந்தவை. ரோந்தும் ஏட்டும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் வாயில் தேய்ந்து வந்தவை. போலீஸ் என்று நெடுங்காலம் அழைத்த ஒன்றுக்குப் பின்னாளில் 'காவல்துறை' என்று பெயரிட்டோம். பெயர் பழையது, அது குறிக்கும் அமைப்பு வேறு. அந்தப் பழைய அமைப்பில் இருந்து இந்தப் புதியதில் இல்லாமற்போனது எது என்பதுதான் இன்றைய என் கேள்வி. அன்பு என்றோ நேர்மை என்றோ நான் சொல்ல வரவில்லை. பழைய காவலில் அவை பெருகி வழிந்ததற்குச் சான்று இல்லை. இல்லாமற்போனது ஒரு நிபந்தனை: காக்கத் தவறியவன் தன் கையிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. இதே நிபந்தனை இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே தொழில்முறைப் போலீஸ் உருவானபோது அந்தக் கயிறு மெலிந்தது, அறுபடவில்லை. இங்கே அறுபட்டதோடு நில்லாமல், தலைகீழாகவும் கட்டப்பட்டது. இதைப் பேசச் செங்கல்பட்டைவிடப் பொருத்தமான இடம் தென்னாட்டில் இல்லை. சென்னைப் பட்டணத்துக்கு வெளியே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கொண்டு ஆண்ட முதல் பெரிய நாட்டுப்புறங்களுள் ஒன்று இது.

சோழர் காலத்திலிருந்து தொடங்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அவை குடவோலையைச் சொல்கின்றன, வாரியங்களைச் சொல்கின்றன. ஏரிக்கு வாரியம் உண்டு, தோட்டத்துக்கு உண்டு, பொன்னுக்கு உண்டு. காவலுக்கு அங்கே தனி வாரியம் சொல்லப்படவில்லை. எல்லாப் பெருமையையும் அந்த ஒரு மண்டபத்துச் சுவரில் ஏற்றிவிடும் நம் வழக்கத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். ஆனால் அந்தக் கல்வெட்டில் நமக்கு வேண்டிய வேறொன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்குத் தகுதி இழக்கிறான். அவனோடு அவனுடைய நெருங்கிய உறவினரும் இழக்கிறார்கள். பொறுப்பை உடலோடும் குடும்பத்தோடும் பிணைக்கும் அந்த மனப்போக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். காவலைப் பொறுத்தவரை சோழர் கல்வெட்டுகளில் வரும் சொல் 'பாடிகாவல்'. அது ஒரே நேரத்தில் கடமை, வரி, உரிமை ஆகிய மூன்றும். ஊரைக் காப்பதற்காக ஊர் கொடுப்பது பாடிகாவல் கூலி. 13ஆம் நூற்றாண்டை நெருங்கும்போது தொண்டை மண்டலத்தில் இந்த உரிமை சம்புவராயர் போன்ற குறுநிலத் தலைவர்கள் கையில் காணியாகத் திரண்டுவிடுகிறது. காவல் என்பது அதிகாரத்துக்கு ஏணியாக இருந்தது என்பது அன்றே தெரிந்த செய்தி.

கம்பெனிக் காலத்துக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 வாக்கில் கம்பெனி நேரடியாக எடுத்துக்கொள்ளும்வரை அவரே அதைக் குத்தகைக்கு வைத்திருந்தார். இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்களின் ஓலைகளிலிருந்து திரண்ட அந்தக் கணக்கு, 18ஆம் நூற்றாண்டுத் தமிழ் ஊர் எப்படி இயங்கியது என்பதற்கு நமக்குக் கிடைத்த மிக விரிவான சான்றுகளில் ஒன்று. களத்தில் நெல் குவிந்ததும், மேல்வாரம் குடிவாரம் என்று பிரிக்கும் முன்பே, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, கருமானுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, வெட்டிக்கு, தலையாரிக்கு, பாளையக்காரருக்கு என்று பங்கு எடுத்துவைப்பார்கள். இந்தப் பங்குகளுக்கு மேரை என்று பெயர், சுதந்திரம் என்றும் பெயர். சுதந்திரம் என்ற சொல் இந்த மாவட்டத்தில் களத்து நெல்லில் ஒருவனுக்குள்ள மறுக்க முடியாத பங்கைக் குறித்தது. விடுதலை என்ற பொருள் நமக்குப் பழகியது பின்னால். தலையாரியும் பாளையக்காரரும் இந்தப் பட்டியலில் தச்சனோடும் கருமானோடும் சேர்ந்து நிற்பதுதான் நான் கவனிக்கச் சொல்வது. காவல், ஏரைச் செப்பனிடுவதைப் போல ஊருக்குச் செய்யும் ஒரு வேலை. வேலைக்குக் கூலி களத்திலேயே. வேலை தவறினால் கணக்கும் அங்கேயே. களவு போனால் துப்புத் துலக்கிப் பொருளை மீட்க வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைக் காவல்காரர் ஈடுசெய்ய வேண்டும். தென்னிந்தியக் காவல் முறையின் பொது விதி இது. சென்னைப் பட்டணத்திலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கறுப்பர் நகரின் காவலைப் பரம்பரையாக ஏற்றிருந்த பெத்த நாயக்கர் தம் தலையாரிகளை வைத்து ஊரைக் காத்தார். சந்தைக்கு வரும் சரக்கில் சிறு சிறு பங்கு எடுத்துக்கொண்டார். களவுபோன பொருளுக்குப் பதில் சொல்லும் கடமையும் அவருடையதே. பெத்தநாயக்கன்பேட்டை என்று இன்னும் வழங்கும் பெயர் ஒரு வள்ளலின் பெயரன்று, ஒரு காவல் ஒப்பந்தக்காரரின் பதவிப் பெயர்.

இந்த இடத்தில் எழும் மறுப்பை நானே எழுப்பிவிடுகிறேன். காவல்காரன் ஈடு கொடுத்தான் என்பது அழகாக இருக்கிறது. அவனே திருடனை ஏவினால்? காவல்கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி கொடுத்ததும் அது வேலியோரம் நிற்பதும் மதுரைச் சீமையில் நடந்த கதை. அந்தச் சுரண்டலை எதிர்த்து 1890களில் அங்கே ஊர்கள் திரண்டு காவலை விலக்கிய கிளர்ச்சியும் நடந்தது. மறுப்பு இன்னும் ஆழமாகவும் போகலாம். களவு போவதற்குப் பொருள் இருக்கிறவனுக்குத்தானே ஈடு? உடைமை இல்லாத சேரிக்கு இந்தக் காவல் என்ன கொடுத்தது? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையை விவரித்த அந்தக் குறிப்பிலிருந்துதான் 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில அரசாணை பிறந்தது. மிராசுதாரின் நெல்லுக்குக் காவல் இருந்த அதே ஊரில், சேரியில் குடிசை போட்ட மண்கூடக் குடிசைக்காரனுக்குச் சொந்தமில்லை. மாட்டுக்கு இருந்த ஈடு மனிதனுக்கு இல்லை. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். பழைய காவல் சாதியோடு பின்னியது, உடைமைக்காரனுக்கு உழைத்தது, பல இடங்களில் மிரட்டிப் பிழைத்தது. அதை மீட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரை எதிர்த்துப் பேச நான் முதல் ஆளாக வருவேன். என் வாதம் அந்த முறையைப் பற்றியதன்று, அதிலிருந்த ஒரே ஓர் எலும்பைப் பற்றியது: தவறினால் கொடுக்க வேண்டியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த எலும்பு நமக்கே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் 1285இல் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம், கொள்ளையர் பிடிபடாவிட்டால் கொள்ளை நடந்த வட்டாரமே இழப்புக்குப் பொறுப்பு என்றது. 'ஹண்ட்ரட்' என்று அவர்கள் அழைத்த அந்த வட்டாரம் பல ஊர்கள் சேர்ந்தது, சோழர் காலத்து 'நாடு' போல என்று வைத்துக்கொள்ளலாம். கூக்குரல் எழுந்தால் ஊரார் எல்லோரும் ஓடிவந்து துரத்த வேண்டும். துரத்தாவிட்டால் பையைத் திறக்க வேண்டும். 1714ஆம் ஆண்டின் கலகச் சட்டமும் கலவரக்காரர் இடித்த கட்டடத்துக்கு வட்டாரமே இழப்பீடு தர வேண்டும் என்றது. இதற்கிடையே ஊர்க் காவலர் வேலை கூலியற்ற, யாரும் விரும்பாத சுமையாகத் தேய்ந்தது. ஹென்றி ஃபீல்டிங் 1749இல் லண்டனின் போ தெருவில் திருடர் பிடிக்கும் சிறு குழுவைத் தொடங்கினார். 1798இல் தேம்ஸ் ஆற்றுத் துறைகளில் வணிகர்களின் சரக்கைக் காக்க ஒரு படை வந்தது. ஆனால் சம்பளம் வாங்கும், சீருடை அணிந்த, அரசின் கையிலுள்ள போலீஸ் என்றாலே ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு ஒற்றர்களின் நினைவு வந்து உடல் கூசியது. 1785இல் லண்டனுக்கென்று கொண்டுவந்த போலீஸ் மசோதா எதிர்ப்பில் கரைந்தது. அடுத்த ஆண்டே டப்ளினுக்கு அதேபோன்ற சட்டம் நிறைவேறியது! தன் வீட்டில் வேண்டாம் என்று தள்ளியதை அடுத்த வீட்டில் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம், நம் கதைக்கு நேரே வந்து சேரும்.

ராபர்ட் பீல் 1812 முதல் 1818 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலர். 1814இல் அவர் அங்கே அமைதி காக்கும் படையொன்றை உருவாக்கினார். 1822இலும் 1836இலும் வந்த சட்டங்கள் அயர்லாந்துக் காவற்படையை வளர்த்து ஒன்றாக்கின. துப்பாக்கி ஏந்தியது, முகாமில் வாழ்ந்தது, காவலர் தம் சொந்த மாவட்டத்தில் வேலை பார்க்க முடியாதது. அதே பீல் 1829இல் லண்டனுக்கு ஒரு போலீஸைத் தந்தபோது வேறு துணி வெட்டினார். படையின் சிவப்பு வேண்டாமென்று நீலச் சட்டை, துப்பாக்கிக்குப் பதில் மறைத்து வைத்த குறுந்தடி, சட்டைக் கழுத்தில் ஓர் எண். அந்த எண்ணைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். தெருவில் போகிற யாரும் அதைப் படித்து, இன்னார் இன்னது செய்தார் என்று புகார் சொல்லலாம். முதல் எண்ணுக்குரிய காவலர் குடிபோதைக்காகச் சில மணி நேரத்திலேயே வேலையிழந்தார் என்பது அந்தப் படையின் வரலாற்றிலேயே சிரித்துக்கொண்டு சொல்லப்படுகிறது. பீலின் ஒன்பது கொள்கைகள் என்று பயிற்சிப் பள்ளிகளில் ஒப்பிக்கப்படுபவை பீல் எழுதியவை அல்ல. 20ஆம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்துக் கொடுத்தவை. அந்தப் பட்டியலை நம்பி லண்டனை நாம் புகழ வேண்டியதில்லை. 1833இல் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் கூட்டத்தைப் போலீஸ் கலைத்தபோது ராபர்ட் கல்லி என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். மரண விசாரணையில் அமர்ந்த ஊர் நடுவர்கள் அது நியாயமான கொலை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். மக்களின் ஒப்புதலோடு பிறந்த போலீஸ் என்ற கதைக்கு இது பொருந்தாது. ஆனால் போலீஸின் செயலை எடைபோடும் இடத்தில் அந்தத் தெருக்காரர்களே உட்கார முடிந்தது என்பதும் இதே நிகழ்ச்சியில்தான் தெரிகிறது.

லண்டன் போலீஸ் உள்துறை அமைச்சரின் கையில் இருந்தது, உள்ளூர்க்காரரிடம் அன்று. ஆகவே ஆங்கிலப் போலீஸும் மேலே பார்த்துத்தானே பதில் சொன்னது என்று கேட்கலாம். லண்டனைப் பொறுத்தவரை சரியான கேள்வி. ஆனால் 1835க்குப் பிறகு நகரங்களின் போலீஸ், நகர மன்றத்தின் கண்காணிப்புக் குழுவுக்குக் கட்டுப்பட்டது. அதைவிட முக்கியமானது பணத்தின் வழி. 1886 பிப்ரவரியில் லண்டன் மேற்குப் பகுதியில் கலவரக்காரர்கள் கடைகளை உடைத்தார்கள். அதே ஆண்டு வந்த கலவர இழப்பீட்டுச் சட்டம், பழைய வட்டாரப் பொறுப்பைத் தூக்கிப் போலீஸ் நிதியின் தலையில் வைத்தது. கலவரத்தில் உன் கடை உடைந்தால் போலீஸ் நிதியிலிருந்து உனக்கு ஈடு. 2011 கலவரத்திலும் லண்டன் கடைக்காரர்கள் இந்தச் சட்டத்தின்படியே கேட்டார்கள். 2016இல் அது புதுச் சட்டமானது, கொள்கை மாறவில்லை. வின்செஸ்டரிலிருந்து எழுநூற்று முப்பது ஆண்டு நீளமுள்ள கயிறு அது. தொகை சிறியது, நடைமுறை சுற்றிவளைத்தது என்பார்கள். இருக்கட்டும். காக்கத் தவறியதன் செலவு காப்பவனின் ஏட்டில் எழுதப்படுகிறது என்பதே நமக்கு வேண்டியது.

இப்போது செங்கல்பட்டுக்குத் திரும்புவோம். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஜாகீரின் ஒவ்வோர் உரிமையையும் பங்கையும் துருவி ஆராய்ந்து நீண்ட அறிக்கை எழுதினார். 1802இல் நிலவரி நிரந்தரமாக்கப்பட்டபோது, வங்காளத்தில் காரன்வாலிஸ் வகுத்த, சம்பளக் காவல் அதிகாரியை அமர்த்தும் தாரோகா முறை இங்கேயும் வந்தது. பாளையக்காரரின் காவல் அதிகாரம் போயிற்று. ஊருக்குப் புதியவரான தாரோகாவுக்கு ஊர் துப்புச் சொல்லவில்லை. அந்த முறை சில ஆண்டுகளிலேயே தோற்றது. தாமஸ் மன்றோவின் ஆணைக்குழு ஆராய்ந்த பிறகு, 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை காவலை மீண்டும் ஊருக்குக் கொடுத்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. கொடுத்த விதத்தைப் பாருங்கள். ஊரில் மணியக்காரர், தாலுகாவில் தாசில்தார், மாவட்டத்தில் கலெக்டர். வரி வசூலிக்கிற அதே வரிசைக்குக் காவலும் சேர்ந்தது. ஊர்த் தலைவர் சில்லறைக் குற்றத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடைத்துவைக்கலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் தாழ்ந்த சாதி என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டலாம். இது ஊரின் வாய்மொழி வழக்கமன்று, கம்பெனி அச்சிட்ட சட்டம். பழைய காவலிலிருந்து சாதியை எடுத்துச் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள், ஈட்டை விட்டுவிட்டார்கள். எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்பதில் இவ்வளவு தெளிவான தேர்வு வரலாற்றில் அபூர்வம்.

விளைவு நாற்பது ஆண்டுகளில் தெரிந்தது. காசுலு லட்சுமிநரசு செட்டியும் சென்னைச் சுதேசி சங்கமும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். டான்பி சீமோர் என்ற உறுப்பினர் நேரில் வந்து மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். 1854இல் பொதுமக்கள் அவையில் விவாதம் எழுந்தது. அதன் பின் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு சென்னையில் அமர்ந்தது. ஏறத்தாழ 2,000 முறையீடுகள் வந்தன. 1855இல் வெளிவந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் நிற்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது விரலையும் உடலின் மென்பகுதிகளையும் இடையிட்டு நெரிக்கும் இரண்டு கட்டைகள். அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது. வரி பாக்கிக்கும் இதுதான், திருட்டை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் இதுதான், ஏனென்றால் இரண்டையும் செய்தவர்கள் ஒரே சேவகர்கள். இவை கம்பெனிக்கு முன்பே இருந்த கொடுமைகள், கம்பெனி அவற்றை ஒழிக்க முயன்றது என்று வாதிடுவோர் உண்டு. கருவிகள் பழையவை என்பது உண்மை. ஆனால் ஈடு கொடுக்கும் கடமையுள்ள காவல்காரனுக்கு வேண்டியது களவுபோன பொருள். மேலதிகாரிக்குப் பதில் எழுதுகிற சேவகனுக்கு வேண்டியது வாக்குமூலம். பொருளைத் தேடுகிறவனும் அடிப்பான், ஆனால் பொருள் கிடைத்தால் நிறுத்துவான். வாக்குமூலத்துக்கு அடிப்பவனுக்கு உண்மையான திருடன்கூடத் தேவையில்லை.

இந்த அறிக்கையின் வழியே வந்ததுதான் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். அது உருவாக்கிய போலீஸுக்கு வில்லியம் ராபின்சன் முதல் தலைமை ஆய்வாளரானார். வரி வசூலும் காவலும் பிரிந்தன. இது உண்மையான ஆதாயம்; இதைக் குறைத்துப் பேசுவது நன்றியாகாது. சென்னை மாகாணத்து அனுபவத்தின் மேல்தான் 1860ஆம் ஆண்டு ஆணையமும், 1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டமும் எழுந்தன. ஆனால் புதிய படைக்கு முன்மாதிரியாக நின்றதில் லண்டனின் நீலச் சட்டையைவிட அயர்லாந்தின் முகாம்தான் கூடுதல் என்பதை டேவிட் ஆர்னால்டு போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். லைன் வீடு, ஆயுதப்படை, அணிவகுப்பு, மேலிருந்து கீழே இறங்கும் கட்டளை. களத்து நெல்லில் பங்கு வாங்கியவன் போய், கஜானாவில் சம்பளம் வாங்குபவன் வந்தான். தலையாரி என்ன ஆனான்? ஊரை அறிந்த ஒரே காவலாளான அவன் போலீஸில் சேர்க்கப்படாமல் வருவாய்த் துறையிலேயே தங்கிவிட்டான். 1980இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிந்து, மணியக்காரரும் கர்ணமும் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தபோதும், தலையாரி அந்த அலுவலகத்தோடுதான் போனார். இன்று அவருக்குக் கிராம உதவியாளர் என்று பெயர். அடங்கல் கட்டையும் சான்றிதழ் விண்ணப்பத்தையும் சுமக்கிறார்.

ஈடு தலைகீழானது இங்கேதான். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அமைதி குலைந்த பகுதியில் கூடுதல் போலீஸை நிறுத்தி, அதன் செலவை அந்தப் பகுதி மக்களிடமே வசூலிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தண்டப் போலீஸ் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்துக்குப் பின் தென்மாவட்ட ஊர்கள் இந்தத் தண்டத்தைக் கட்டின. இங்கிலாந்தில் கலவரம் வந்தால் போலீஸ் நிதி கடைக்காரனுக்குக் கொடுக்கிறது. இந்தியாவில் கலவரம் வந்தால் கடைக்காரன் போலீஸுக்குக் கொடுக்கிறான். ஒரே பேரரசின் இரண்டு ஏடுகளில், 1886இலும் 1899இலுமாக, பதிமூன்று ஆண்டு இடைவெளியில், வரவும் செலவும் இடம் மாறி எழுதப்பட்டன. சட்டம் தான் உருவாக்கிய படையை எவ்வளவு நம்பியது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற விதி 1861இலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைத்து, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இங்கிலாந்தில் அப்படியொரு முழுத் தடை இல்லை. மனமுவந்து சொன்னதா என்றுதான் பார்ப்பார்கள். கைது செய்ய நம்புவேன், காதால் கேட்டதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்று ஒரு சட்டமே தன் காவலனைப் பார்த்துச் சொல்வது விசித்திரமான உறவு. 1855இன் கிட்டிதான் அந்த உறவை எழுதிவைத்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இப்போது போலீஸ் நாம் தேர்ந்தெடுத்த அரசின் கையில் இருக்கிறதே என்பது மிக வலுவான மறுப்பு. தேர்தல் பெரிய மாற்றம்தான். ஆனால் 1859ஆம் ஆண்டுச் சட்டம் 'தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம்' என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தொடர்கிறது. செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022இல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்து மாவட்டத்தின் வடபகுதியை எடுத்துக்கொண்டது. வண்டலூருக்குப் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில் மாநிலக் காவல் உயர் பயிற்சியகம் நிற்கிறது. பயிற்சி, படிப்பு, பெண்களின் வருகை, கணினி எல்லாம் முன்னேறியிருக்கின்றன; தொழில்முறை என்ற சொல்லுக்கு இவை எல்லாம் உரியவை. ஆனால் தவறு நடந்தால் யார் கணக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. டிரமன்ஹீரின் குறிப்பால் கிடைத்த பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு, மாமல்லபுரத்தை அடுத்த காரணை ஊர் மக்கள் 1994 அக்டோபரில் போராடியபோது, செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அது தேர்ந்தெடுத்த அரசின் காலம்தான். மறுபுறம், கோவளம் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களைப் பாருங்கள். வலைச் சண்டை, கடன் தகராறு, கைகலப்பு எதுவானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் போகிறது. அங்கே அபராதம் உண்டு, இழப்புக்கு ஈடு உண்டு, சில வேளை ஊர் விலக்கம் என்ற கொடுமையும் உண்டு. படிக்காதவர்களின் பழைய பழக்கம் என்று இதை ஒதுக்குவது எளிது. இழந்தவனுக்கு ஏதாவது கிடைக்கும் ஒரே வாயில் அது என்பதால் போகிறார்கள் என்று பார்ப்பது கொஞ்சம் சிரமம். கடலோரப் பாதுகாப்புக்கு 1994இல் தனிக் குழுமம் உருவாகி, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் விரிவடைந்தபோது, மீனவர்களைக் கடலின் கண்ணும் காதும் என்று அரசு அழைத்தது. தலையாரியை விட்டுவிட்ட இடத்தை அரசு இப்போது தேடுகிறது.

ஈடு திரும்பி வந்ததும் உண்டு, வேறு வாசல் வழியாக. 1993இல் ஒரிசாவைச் சேர்ந்த நீலாபதி பெகரா வழக்கில், காவலில் இறந்த இளைஞனின் தாய்க்கு அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1996இல் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும் காவலர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டை அணிய வேண்டும் என்றது. 1829இன் கழுத்து எண் இங்கே வந்து சேர 167 ஆண்டு ஆனது! பழைய காவல்காரன், தான் காக்கத் தவறிய மாட்டுக்கு ஈடு கொடுத்தான். இப்போது அரசு, தன் காவலுக்குள் இறந்த மனிதனுக்கு ஈடு கொடுக்கிறது. சேரிக்கு இல்லாத ஈடு இதில் இருக்கிறது என்பதால், இதைப் பழையதைவிட உயர்ந்ததென்றே மதிக்கிறேன். ஆனால் பணம் பொதுக் கஜானாவிலிருந்து போகிறது. கொடுப்பவர்கள் வரி கட்டும் நீங்களும் நானும். காவல் நிலையத்தின் ஏட்டில் அது செலவாக ஏறுவதில்லை. 2020இல் சாத்தான்குளம் போலீஸ் பிடித்த தந்தையும் மகனும் காவலில் இறந்தபோதும் நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையை யார் கணக்கில் எழுதுவது என்று யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரரைச் சொந்தக் காசில் ஈடு கொடுக்கச் சொன்னால் அவர் எந்த வழக்கையும் தொடவே அஞ்சுவார் என்பது அதிகாரிகளின் மறுமொழி. அதில் நியாயம் உண்டு. தனிமனிதரின் சம்பளத்தைப் பிடிப்பது என் கோரிக்கையன்று. இங்கிலாந்தைப் போல, அந்தந்தக் காவல் மாவட்டத்தின் நிதியில் அது செலவாக எழுதப்பட வேண்டும், அந்தக் கணக்கு ஆண்டுதோறும் அந்த மாவட்ட மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்பதுதான். உத்திரமேரூர் கேட்டதும் கணக்கைத்தான்.

கணக்குக் கேட்க ஓர் இடம் வேண்டும். 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தைச் சொன்னது: மாவட்டந்தோறும் காவல் புகார் ஆணையம், அதன் தலைமையில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து ஆணையத்தையும் அமைத்தது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர். மாவட்ட ஆணையத்தில் காவல் கண்காணிப்பாளரும் உறுப்பினர். நீதிபதிக்கு வகுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மாவட்ட ஆட்சியர். 1816இல் மன்றோ காவலை ஒப்படைத்த அதே கலெக்டர்.